பட்டறைத் திண்ணை: கப்ளிங் கேட்டால் பைப் சாமான் தருகிறார்கள்

சின்ன நீராவி என்ஜினில் ஒரு ஷாஃப்டை இன்னொரு ஷாஃப்டோடு சேர்ப்பது பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று வந்த கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் பாய்லர், பெயின்ட் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்த முறை கப்ளிங் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் ஷே வகை நீராவி என்ஜின் செய்கிறேன். பாய்லரும் சிலிண்டரும் முடிந்துவிட்டன. பக்கவாட்டில் ஓடும் 4 மி.மீ. ஷாஃப்டுகளைச் சேர்க்க நான்கு யுனிவர்சல் ஜாயின்ட் தேவை. காரைக்குடியில் ஆறு ஹார்டுவேர் கடை ஏறி இறங்கிவிட்டேன். கப்ளிங் என்றால் பிவிசி பைப் கப்ளிங்கை எடுத்து வைக்கிறார்கள். யுனிவர்சல் ஜாயின்ட் என்றால் "லாரிக்கா, டிராக்டருக்கா?" என்று கேட்கிறார்கள். எங்கே வாங்குவது, அண்ணே?
— பள்ளத்தூர் வாசகர்

கடைக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தம்பி. நம் ஊரில் கப்ளிங் என்றால் போர்வெல் பைப்புக்குப் போடுவதுதான். அந்தக் கடைகளில் இனி அலைய வேண்டாம்.

மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். சாதாரண நீராவி என்ஜினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய், ராடு வழியாகச் சக்கரத்தை நேரடியாகத் தள்ளும். ஷே என்ஜின் அப்படி இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் காடுகளில் மரம் வெட்டும் தொழில் செய்த எப்ரைம் ஷே 1881-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. பாய்லரை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்து, வலப்பக்கத்தில் சிலிண்டர்களைச் செங்குத்தாக நிறுத்தினார். அவை சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ஜினின் நீளவாக்கில் ஓடும். அதிலிருந்து பல்சக்கரம் வழியாக எல்லா அச்சுக்கும் சக்தி போகும். காட்டுக்குள் மேடு பள்ளமாகப் போட்ட தண்டவாளத்தில் எந்தச் சக்கரமும் சும்மா வராமல் எல்லாமே இழுக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

வளைவில் போகிகள், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்கள், திரும்பும். ஷாஃப்ட் ஒரு பக்கமாக, வெளியே ஓடுவதால், போகி திரும்பும்போது கிராங்க் ஷாஃப்டுக்கும் போகிக்கும் உள்ள தூரமும் மாறும். ஆகவே நடுவிலுள்ள ஷாஃப்ட் மடங்கவும் வேண்டும், நீளவும் குறுகவும் வேண்டும். நீங்கள் கேட்ட யுனிவர்சல் ஜாயின்ட் மடங்குவதை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். நீள்வதற்கு வேறு ஏற்பாடு தேவை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வாங்குவது. ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) படகு வைத்து விளையாடுகிறவர்கள் மோட்டாரையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் சேர்க்க ஒரு சின்ன யுனிவர்சல் ஜாயின்ட் போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான். ஏறக்குறைய 23 மி.மீ. நீளம் இருக்கும், இரு முனையிலும் எம்3 (3 மி.மீ. மரை) கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாமல் துளைக்குள்ளேயே இறங்கும் சின்ன ஸ்க்ரூ. 2, 3, 3.17, 4, 5 மி.மீ. துளைகளில் வருகிறது. கடையில் "யுனிவர்சல் ஜாயின்ட், நாலுக்கு நாலு" என்று கேளுங்கள். நாலு என்று மட்டும் சொன்னால் ஒரு பக்கம் 4, மறுபக்கம் 3.17 உள்ளதை அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் படகு மோட்டார்கள் பலவற்றின் ஷாஃப்ட் 3.17தான். சென்னை ரிச்சி தெருவில் ரோபோ சாமான் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். இணையத்திலும் வாங்கலாம். நான்கு தேவை என்றால் ஆறு வாங்குங்கள். நான் ஒருமுறை ஐந்து வரவழைத்தேன். ஒன்றில் துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தது, இன்னொன்றில் கிரப் ஸ்க்ரூவின் மரை பாதிதான் இருந்தது. திருப்பி அனுப்பிப் புதிது வர மூன்று வாரம் ஆனது.

பொட்டலம் வந்ததும் 4 மி.மீ. டிரில் பிட்டின் காம்பைத் துளையில் விட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய், ஆட்டம் இல்லாமல் நின்றால் சரி. லொடலொடவென்று ஆடினால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு ஒரு முனையை விரலால் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகிப் பாருங்கள். 'டிக்' என்று கையில் தட்டும் ஆட்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நான்கு ஜாயின்ட்டின் ஆட்டமும் சேர்ந்தால் முன்னோக்கி ஓடும் என்ஜினைப் பின்னோக்கித் திருப்பும்போது ஒரு உதறல் தெரியும். அதிகம் ஆடுவதைப் போடாதீர்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாங்க மாட்டேன், செய்துவிடுவேன். பாய்லர் கட்டிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. உங்களிடம் லேத் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காரைக்குடியில் பம்ப் ஷாஃப்டும் டிராக்டர் பின்னும் கடைகிற லேத் பட்டறைகள் இருக்கின்றன. சாயங்காலம் கூட்டம் குறைந்த நேரத்தில், கையில் ஒரு படத்தோடு போங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் அவர் சலித்துக்கொள்வார். எட்டு கவட்டைக்கும் இரண்டு உபரிக்கும் சேர்த்துப் பத்தாகக் கேளுங்கள்.

கவட்டை என்று நான் சொல்வது, உண்டிவில்லுக்கு நாம் சின்ன வயதில் வெட்டினோமே, அந்த வடிவத்தில் இரண்டு காதோடு இருக்கும் துண்டு. ஒரு ஜாயின்ட்டுக்கு இரண்டு கவட்டை, நடுவில் பகடைக்காய் மாதிரி ஒரு பித்தளைத் துண்டு, இரண்டு பின். அவ்வளவுதான் சாமான்.

12 மி.மீ. பிரைட் ராடில் 20 மி.மீ. நீளத்துக்குத் துண்டு போடச் சொல்லுங்கள். நடுவில் 3.9 துளை போட்டு, 4 மி.மீ. ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவி முடிக்கும் கருவி) விடச் சொல்லுங்கள். டிரில்லோடு நிறுத்தினால் துளை கொஞ்சம் பெரிதாகிவிடும், அந்த ஆட்டம் கடைசிவரை போகாது. இதுவரை லேத் வேலை. மீதி உங்கள் வைஸில்.

இங்கே வரிசை முக்கியம். கவட்டையின் பிளவை அறுப்பதற்கு முன்பே பின் துளையைப் போட்டுவிட வேண்டும். முனையிலிருந்து 3.5 மி.மீ. தள்ளி, துண்டு முழுசாக இருக்கும்போதே குறுக்காக ஒரே ஓட்டத்தில் துளைத்தால்தான் இரண்டு காதின் துளையும் ஒரே நேர்கோட்டில் வரும். பிளந்தபின் துளைத்தால் டிரில் ஒரு காதைத் தாண்டி அடுத்த காதில் வழுக்கிக் கோணலாக இறங்கும். நான் பாடம் நடத்திய 31 வருடத்திலும் ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு மூன்று பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வந்து நின்றார்கள். ஐந்து கவட்டையில் 3 மி.மீ. துளை, மீதி ஐந்தில் 1.5 மி.மீ. துளை போடுங்கள். 1.5 டிரில் 12 மி.மீ. ஆழம் போக வேண்டும். அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு, எண்ணெய் தொட்டு, மெதுவாக இறக்குங்கள்.

பிறகு பிளவு. 6 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம். அடியில் முதலில் 5.5 மி.மீ. துளை ஒன்று போட்டு, அந்தத் துளைவரை ஹாக்சா பிளேடால் இரண்டு அறுப்பு அறுத்தால் நடுத்துண்டு விழுந்துவிடும். அரம் போட்டு அடியைச் சதுரமாக்குங்கள். பிளவு இன்னும் இரண்டு மி.மீ. குறைந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். ஒரு கவட்டையின் காது நுனி இன்னொரு கவட்டையின் பிளவுக்குள் இறங்கித்தான் திரும்ப வேண்டும். இந்த அளவில் 30 டிகிரி வரை முட்டாமல் மடங்கும்.

பலரும் விட்டுவிடுகிற வேலை அடுத்தது. காதுகளின் இரு ஓரத்தையும் அரம் போட்டு, அகலத்தை 5.8 மி.மீ.க்குக் குறைக்க வேண்டும். உருண்டை ராடில் பிளந்த காது அப்படியே விட்டால் அகலமாக இருக்கும். இரண்டு கவட்டையையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒன்றின் ஓரம் மற்றதில் இடிக்கும், உள்ளேயே போகாது. ஓரத்தைக் குறைத்த பிறகு கையில் எடுத்துச் சேர்த்துப் பாருங்கள், எவ்வளவு இதமாகப் பொருந்தி உட்காருகிறது என்று தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த நிமிஷம் அதுதான்.

பகடை 6 மி.மீ. பித்தளைக் கனசதுரம். சதுர ராடு கிடைக்காவிட்டால் 10 மி.மீ. உருண்டைப் பித்தளையில் அரம் போட்டு எடுக்கலாம். நடுவில் 3 மி.மீ. துளை போட்டு, 12 மி.மீ. நீளமுள்ள 3 மி.மீ. சில்வர் ஸ்டீல் பின்னைச் செருகி, இரு பக்கமும் மூன்று மூன்று மி.மீ. சமமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். அப்படியே வைஸில் பிடித்து, மறு திசையில் பகடையையும் பின்னையும் சேர்த்து 1.5 மி.மீ. துளை போடுங்கள். பின்னை எடுத்துப் பிசிர் தட்டிவிட்டு, முதல் கவட்டைக்குள் பகடையை வைத்துப் பின்னைத் திரும்பச் செருகுங்கள். இரண்டாவது கவட்டையைக் குறுக்கே வைத்து, 1.5 மி.மீ. பின்னை காது, பகடை, தடித்த பின், பகடை, காது என்று வரிசையாகத் தள்ளுங்கள். மெல்லிய பின் போய்விட்டால் தடித்த பின் எங்கும் கழன்று ஓட முடியாது. மெல்லிய பின்னின் இரு முனையையும் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மாட்டும்போது ஒரு விஷயம். மடங்கிய நிலையில் ஒற்றை யுனிவர்சல் ஜாயின்ட் சீராகச் சுழலாது. 20 டிகிரி மடங்கினால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் 6 சதவீதம் கூடும், இரண்டு முறை 6 சதவீதம் குறையும். நடு ஷாஃப்டின் இரு முனையிலும் ஜாயின்ட் இருப்பதால் ஒன்று செய்வதை மற்றது சரிசெய்துவிடும். ஆனால் அந்த நடு ஷாஃப்டில் மாட்டிய இரண்டு கவட்டையும் ஒரே தளத்தில் இருந்தால் மட்டும்தான். ஷாஃப்டை மேசைமேல் படுக்க வைத்துப் பாருங்கள். ஒரு கவட்டையின் காதுகள் படுத்திருந்தால் மறுமுனைக் காதுகளும் படுத்திருக்க வேண்டும். ஒன்று படுத்து ஒன்று நின்றால் தடுமாற்றம் இரண்டு மடங்காகும், வளைவில் பல்சக்கரம் 'கர் கர்' என்று கத்தும்.

நீள்வதற்கு: 4 மி.மீ. உள்துளையும் 6 மி.மீ. வெளி விட்டமும் உள்ள பித்தளைக் குழாய் எடுத்து, எதிரெதிராக 1.5 மி.மீ. அகலத்தில் இரண்டு நீளப் பிளவு வெட்டுங்கள். ஷாஃப்டில் 1.5 மி.மீ. குறுக்குப் பின் போட்டு அந்தப் பிளவில் ஓட விடுங்கள். பிளவின் நீளத்தை என்னிடம் கேட்காதீர்கள். ஷாஃப்ட் இல்லாமல் என்ஜினை உங்களிடமுள்ள மிகக் குறுகிய வளைவில் கையால் தள்ளி, இரு பக்கத்துக்கும் தூரம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, அதற்கு மேல் 4 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொம்மை நீராவி என்ஜின் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை ஒரு சின்ன டைனமோவோடு சேர்த்து லைட் எரிய விட வேண்டும் என்று பேரனுக்கு ஆசை. சைக்கிள் வால்வ் டியூபை இரண்டு ஷாஃப்டிலும் மாட்டினான். பத்து நிமிஷம் நன்றாக எரிந்தது. அப்புறம் டியூப் கொழகொழத்து நழுவிவிட்டது. வேறு என்ன போடலாம்?
— தேவகோட்டை வாசகி

பேரனின் யோசனை நல்ல யோசனை, ஆச்சி. மெல்லிய ஷாஃப்ட் இரண்டைச் சேர்க்க ரப்பர் டியூப்பைப் போல எளிதானது இல்லை. ஷாஃப்டுகள் கொஞ்சம் மேலே கீழே இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். தப்பு டியூப்பின் ரகத்தில்தான். வால்வ் டியூப் சாதாரண ரப்பர். சூடும் எண்ணெயும் பட்டால் ஊறிக் கொழகொழத்துவிடும்.

சிலிக்கான் டியூப் போடச் சொல்லுங்கள். அது 200 டிகிரி வரை சூடு தாங்கும். தேவகோட்டையிலேயே கிடைக்கும், அலங்கார மீன் தொட்டி விற்கும் கடையில் காற்று பம்ப்புக்குப் போடும் டியூப்பைக் கேளுங்கள். பொதுவாக 4 மி.மீ. உள்துளை இருக்கும். ஆனால் அந்தக் கடைகளில் பிளாஸ்டிக் டியூப்பும் அதே நிறத்தில் தொங்கும். ஒரு சின்னத் துண்டை இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகிக் காரமாக நாறும். சிலிக்கான் எரிந்து வெள்ளைச் சாம்பலாக நிற்கும். இந்தச் சோதனையை வாசலில் வைத்துச் செய்யுங்கள்.

இரண்டு ஷாஃப்டின் முனைக்கும் நடுவே 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். இடைவெளி கூடினால் டியூப் முறுக்கிக்கொள்ளும். ஷாஃப்ட் டியூப்பைவிட ஒல்லியாக இருந்தால் முதலில் அதன்மேல் இன்னொரு மெல்லிய சிலிக்கான் துண்டைச் செருகித் தடிமனாக்கிக்கொள்ளலாம். மேலே மெல்லிய செம்புக் கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டால் நழுவாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய பொம்மை பாய்லர்கள் பலவற்றை ஈயப் பற்றால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பற்று 183 டிகிரிக்குப் பக்கத்தில் உருக ஆரம்பித்துவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை. தண்ணீர் வற்றியபின் தீ எரிந்தால் பற்று விட்டுவிடும். பேரன் ஓட்டும்போது தண்ணீர் அளவைப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சேஃப்டி வால்வ் கையால் இழுத்தால் எழும்பித் திரும்ப உட்காருகிறதா என்று ஒவ்வொரு முறையும் தீ மூட்டுவதற்கு முன் பாருங்கள். எழும்பவில்லை என்றால் அன்றைக்குத் தீ மூட்ட வேண்டாம்.

இங்கிலாந்து வரைபடம் ஒன்றை வைத்து என்ஜின் செய்கிறேன். ஷாஃப்ட் 3/16 இஞ்ச் என்று போட்டிருக்கிறது. கல்லூரி நண்பன் த்ரீடி பிரிண்டருக்குப் போடும் சுருள் வெட்டிய அலுமினியக் கப்ளிங் தந்தான். 5 மி.மீ. துளை. கிரப் ஸ்க்ரூவை இறுக்கினாலும் ஷாஃப்ட் தள்ளாடுகிறது.
— கண்டனூர் மாணவர்

3/16 இஞ்ச் என்றால் நம் பட்டறைக் கணக்கில் ஒன்றரை நூல் (ஒரு நூல் என்பது 1/8 இஞ்ச்). மி.மீ. கணக்கில் 4.76. உங்கள் கப்ளிங் 5. நடுவில் கால் மி.மீ. இடம். கிரப் ஸ்க்ரூ ஒரு பக்கமாகத் தள்ளுவதால் ஷாஃப்ட் நடுவிலிருந்து ஒதுங்கிப் போகிறது, அதுதான் தள்ளாட்டம்.

இதற்குக் கைவசம் ஒரு மருந்து உண்டு. குளிர்பான அலுமினிய டின்னின் பக்கச்சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். அதில் ஒரு பட்டை வெட்டி ஷாஃப்டில் ஒரே சுற்றுச் சுற்றினால் விட்டம் 4.96 ஆகிவிடும். துளைக்குள் சிக்கென்று போகும். பட்டையின் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. கிரப் ஸ்க்ரூ வரும் இடத்தில் அந்த இணைப்பு இடைவெளியை வைத்தால் ஸ்க்ரூ நேரே ஷாஃப்டைப் பிடிக்கும்.

இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச் ஷாஃப்டுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. பெரிய ஸ்டெப்பர் மோட்டார்களின் ஷாஃப்ட் 6.35 மி.மீ., அது சரியாகக் கால் இஞ்ச். சி.என்.சி. சாமான் விற்பவர்களிடம் 6.35 துளைக் கப்ளிங் ரெடியாகவே கிடைக்கிறது. ஒரு நூல் ஷாஃப்டுக்கு 3.17 என்று கேட்டு வாங்கலாம். ஒன்றரை நூல்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இனிமேல்தான் ஷாஃப்ட் கடையப் போகிறீர்கள் என்றால், வரைபடத்தைப் பார்த்து மலைக்காமல் 5 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். பேரிங், பல்சக்கரம், கப்ளிங் எல்லாமே 5-ல் கிடைக்கும். ஆனால் மாற்றுவதாக இருந்தால் அந்த ஷாஃப்டில் ஏறும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றைக்கூட விடக் கூடாது. வரைபடத்தில் 6 பி.ஏ. (பழைய இங்கிலாந்து மரை அளவு) ஸ்க்ரூ என்றால் எம்3-யும், 8 பி.ஏ. என்றால் எம்2-வும் போட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சுருள் கப்ளிங்கையே என்ஜினின் முக்கிய ஓட்டத்துக்கு வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பிரிண்டரில் மோட்டார் சீராகச் சுழற்றும், சுமையும் சொற்பம். நீராவி சிலிண்டர் அப்படி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தள்ளு, நடுவில் ஒரு ஓய்வு. சுருள் ஒவ்வொரு தள்ளுக்கும் முறுக்கி விரிந்து, நாளடைவில் வெட்டின் முனையிலிருந்து விரிசல் விடும். எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரைச் சுற்றுவது மாதிரிச் சின்ன வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வைத்த பல் கப்ளிங் சுமையைத் தாங்கும். ஆனால் 3 பார் அழுத்தத்தில் பாய்லருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 143 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூடு வந்து படுகிற இடத்தில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வேண்டாம். த்ரீடி பிரிண்டரிலேயே கப்ளிங் அச்சடித்துவிடலாம் என்று நண்பன் சொன்னால், பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும் என்று சொல்லிவிடுங்கள்.

கிரப் ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் கப்ளிங் வழுக்குகிறது. அலன் கீயும் மழுங்கிவிட்டது.
— புதுவயல் வாசகர்

கிரப் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்டை அரம் போட்டுத் தட்டையாக்கி, தளம் போட்டீர்களா என்று எழுதவில்லை. போட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நானும் ஒருமுறை போடாமல் விட்டேன். ஒரு பள்ளிக் கண்காட்சியில் என் என்ஜினை ஓட்டினேன். சுற்றிலும் பிள்ளைகள் குனிந்து நின்று பார்க்கிறார்கள். மூன்று பெட்டி கோத்து, நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் திறந்தேன். சிலிண்டர் கிடுகிடுவென்று ஓடுகிறது, சக்கரம் அசையவே இல்லை. வீட்டுக்கு வந்து கழற்றப் பார்த்தால் கப்ளிங் வரவில்லை. கிரப் ஸ்க்ரூவின் முனை ஷாஃப்டைச் சுற்றி வளையமாக உழுது, அந்தப் பிசிர் மேலே எழும்பித் துளையை அடைத்துக்கொண்டிருந்தது. சூடு காட்டித் தட்டித்தான் எடுத்தேன். ஷாஃப்டும் போயிற்று, ரீமர் போட்ட துளையும் போயிற்று. ஒரு பையன், "தாத்தா, நாளைக்கு ஓடுமா?" என்று கேட்டான். அடுத்த நாள் ஓடவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

4 மி.மீ. ஷாஃப்டில் அரை மி.மீ. ஆழம் அரம் போட்டால் 2.6 மி.மீ. அகலத்துக்குத் தட்டையான தளம் கிடைக்கும். எம்3 கிரப் ஸ்க்ரூ உட்கார அது தாராளம். ஸ்க்ரூ உழுது எழுப்பும் பிசிரும் அந்தத் தளத்துக்குள்ளேயே நின்றுவிடும், கப்ளிங்கைக் கழற்றச் சிரமம் இருக்காது. எல்லாம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு, கப்ளிங்கையும் ஷாஃப்டையும் சேர்த்து 1.5 மி.மீ. குறுக்குத் துளை போட்டு ஒரு பின் அடித்துவிடுங்கள். அதற்கப்புறம் ஸ்க்ரூவை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

அலன் கீ மழுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு மாறுவதுதான். எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. கீ, எம்4-க்கு 2 மி.மீ. இஞ்ச் செட்டில் உள்ள 1/16 கீ, 1.5-க்குப் பக்கத்தில் இருப்பதால் சிலர் அதைத் தட்டி நுழைப்பார்கள். ஸ்க்ரூவின் குழியே பிளந்துவிடும். கப்ளிங்கோடு இலவசமாக வரும் கீயைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல கீ ஒன்று வாங்குங்கள். முனை மழுங்கினால் அந்தக் கொஞ்சத்தைச் சாணைக்கல்லில் நேராகத் தேய்த்துவிட்டால் புது முனை கிடைக்கும். தேய்க்கும்போது சூடேற விடாமல் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கிராமபோன், கடிகாரம் எல்லாம் கிடக்கின்றனவே. அதிலிருந்து ஷாஃப்டும் கப்ளிங்கும் எடுக்கலாமா?
— காரைக்குடி வாசகர்

வேண்டாம், ஐயா. ஓடாத கிராமபோனையும் ஓட வைக்கலாம். அதை உடைத்து எடுக்கிற ஷாஃப்ட் உங்கள் அளவுக்கு ஒத்துவரவும் போவதில்லை. நம் பக்கத்து வீடுகளிலிருந்து அந்தத் தெருவுக்கு வந்த சாமான்கள் பெட்டி பெட்டியாக வெளியூருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிச்சம் இருப்பதையாவது முழுசாக விட்டுவைப்போம்.

பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். செத்துப்போன கம்ப்யூட்டர் பிரிண்டரும் ஜெராக்ஸ் மெஷினும் எடைக்குக் கிடைக்கும். மைப்பெட்டி இடமும் வலமும் ஓடுவதற்குப் போட்டிருக்கும் ராடு, கண்ணாடி மாதிரி சாணை பிடித்த எஃகு. என் என்ஜின்களில் பாதி அச்சுகள் அந்த ராடில் செய்தவைதான். காகிதம் இழுக்கும் ஷாஃப்டுகளில் உள்ள சின்ன பித்தளை புஷ்ஷையும் இ-வடிவக் கிளிப்பையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ராடை வெட்டும் முன் வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், சிலவற்றில் நடுவில் தேய்மானம் இருக்கும்.

கப்ளிங் ராட் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
— செட்டிநாடு வாசகர்

இல்லை. பெரிய சக்கரங்களை வெளிப்பக்கத்தில் சேர்த்து, மேலும் கீழும் போய்வரும் நீளமான இரும்புப் பட்டைதான் கப்ளிங் ராட். நான் சின்னப் பையனாக இருந்தபோது காரைக்குடி ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் ஒய்.பி. என்ஜின் வந்து நிற்கும். மூன்று ஜோடிப் பெரிய சக்கரம், மூன்றையும் சேர்த்து ஒரு ராட். எங்கள் ஐயா என்னைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவார். வண்டி கிளம்பும்போது அந்த ராட் முதல் முறை கீழே இறங்கும் பாருங்கள், அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. இடப்பக்க ராடும் வலப்பக்க ராடும் கால் சுற்று வித்தியாசத்தில் இருக்கும், ஒரு பக்கம் தள்ள முடியாத செத்த இடத்தில் நின்றாலும் மறுபக்கம் தள்ளிவிடும். இப்போதும் பார்க்க ஆசை என்றால் ஊட்டி மலை ரயிலுக்குப் போய் வாருங்கள். அந்த ரயிலுக்குப் புதிதாக நீராவி என்ஜின்கள் கட்டிக் கொடுத்தது நம் பக்கத்துத் திருச்சி பொன்மலைப் பணிமனைதான்.

யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கு என்ன எண்ணெய் விடுவது?
— கானாடுகாத்தான் வாசகர்

டூவீலர் கடையில் கிடைக்கும் 90 நம்பர் கியர் ஆயில். ஊசி போட்ட சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு சொட்டு, ஓட்டுவதற்கு முன்னால். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசின் மாதிரி ஆகிவிடும். ஓட்டி முடித்ததும், நீராவி பட்ட ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்து இன்னொரு சொட்டு விட்டு வையுங்கள். மார்கழிப் பனியில் ஒரே ராத்திரியில் துரு பிடித்துவிடும்.